ஆச்சியின்ர தாச்சியும் முடியாத குவெஸ்டும்

முதலிலேயே சொல்லிவிடுகிறோம்: விச்சர் 3, மஜோராஸ் மாஸ்க், ஸ்டார்டியூ வலி, வெண்பா, ஸ்கைரிம், நீயர் ஆகிய கேம்களின் கதைகள் சிலது இதில் உடைபடும். இனித்தான் விளையாடப்போறம் எண்டிற ஆக்கள் விளையாடிப்போட்டு வந்து வாசியுங்கோ. நாங்கள் எங்கயும் போகமாட்டம்.

ஆர்.பி.ஜி விளையாடின எல்லாருக்கும் ஒரு ஆச்சியைத் தெரியும். ஊர் எல்லையில், வேலிக்கரையிலோ பூட்டின கதவொன்றுக்கு முன்னாலோ நிப்பா. தலைக்கு மேலே மஞ்சளாய் ஒரு ஆச்சரியக்குறி மிதக்கும். கிட்டப் போய் ஒரு பட்டனை அமத்தினால் கதைக்கத் தொடங்குவா. ஆட்டைக் காணேல்ல, மருந்துக்குப் பச்சிலை வேணும், இந்தக் கடிதத்தை என்ர மோனிட்டக் குடுத்துவிடு தம்பி. அந்த நேரம் பார்த்து உலகம் அழிந்துகொண்டிருக்கும். வானத்தில் ட்ராகன் பறக்கும், அரசன் செத்திருப்பான், அடுத்த நாட்டுப் படை எல்லையைத் தாண்டியிருக்கும். ஆச்சிக்கு அதெல்லாம் பொருட்டில்லை. அவவுக்கு ஆடு வேணும்.

கேம் பழக்கமில்லாதவர்களுக்கு ஒரு சின்ன விளக்கம். இந்த வகைக் கேம்களில் கதையை முடிக்கக் கட்டாயம் செய்யவேண்டிய வேலைக்கு மெயின் குவெஸ்ட் என்று பெயர். செய்தால் செய்யலாம், விட்டால் விடலாம் என்று இருப்பது சைட் குவெஸ்ட். ஆச்சிமாருக்கும் அப்புமாருக்கும் பெரும்பாலும் இந்த இரண்டாவது இடந்தான். நீங்கள் அவர்களைத் தாண்டிப் போனாலும் கேம் உங்களைத் தண்டிக்காது. கடைசியில் உலகத்தைக் காப்பாற்றிவிட்டு, பேர் ஓடுகிற திரையையும் பார்த்து முடிக்கலாம். ஆச்சி அதே வேலிக்கரையில் அதே ஆச்சரியக்குறியோடு நின்றுகொண்டிருப்பா.

எங்கள் வட்டத்தில் இதைப் பற்றி அடிக்கடி சண்டை வரும். "உந்த ஆடு தேடுற வேலையெல்லாம் நேர விரயம், நேராக் கதையை முடிக்கவேணும்" என்று ஒரு பகுதி. ஒரு குவெஸ்டும் விடாமல் ஊர் முழுக்கக் கூட்டிப் பெருக்கிவிட்டுத்தான் அடுத்த ஊருக்குப் போவோம் என்று இன்னொரு பகுதி. அந்தச் சண்டை தீரவில்லை. ஆனால் ஒரு விசயத்தில் எல்லாரும் ஒத்துப்போனோம். ஒரு கேம் வயசு போன ஆக்களைப் பற்றி என்ன நினைக்கிறது என்பது, செய்யாவிட்டாலும் பறவாயில்லை என்று அது ஒதுக்கி வைத்த இடத்தில்தான் தெரியும். விளையாடுகிற எங்களைப் பற்றியும் அந்த இடந்தான் கனக்கச் சொல்லும். கட்டாயம் இல்லாத இடத்தில் நாங்கள் என்ன செய்கிறோம் என்பதுதானே கேள்வி.

மெயின் குவெஸ்டில் முதியவர்கள் வராமல் இல்லை. வருவார்கள். ஒன்று, வாள் பிடிக்கப் பழக்கிவிட்டுக் கதையின் பாதியில் செத்துப்போகும் குரு. விச்சர் 3 இன் வெசமிர் அப்படித்தான். இல்லாவிட்டால், பழைய தீர்க்கதரிசனம் ஒன்றைச் சொல்லிவிட்டு ஒதுங்கும் கிழவர். இரண்டு பேரும் நாயகனுக்காகப் படைக்கப்பட்டவர்கள். அவர்களுக்கென்று ஒரு தேவை இருக்காது. அவர்கள் கேட்கமாட்டார்கள், கொடுப்பார்கள். "எனக்கு இது வேணும்" என்று ஒரு முதியவர் வாய் திறந்து கேட்கிற இடம் சைட் குவெஸ்ட்தான். அதனால்தான் அந்த ஒதுக்குப்புறத்தில் நிற்கிற ஆட்களைப் பற்றி எழுதுகிறோம்.

பூட்டின கதவுக்குப் பின்னால ஒரு தாச்சி

2015 இல் போலந்தின் சிடி புரொஜெக்ட் ரெட் நிறுவனம் வெளியிட்ட விச்சர் 3 இல், தொடக்கத்திலேயே வரும் ஊரின் பெயர் வைற் ஓர்ச்சர்ட். நில்ஃப்கார்ட் என்ற பேரரசின் படை அந்த ஊரைத் தாண்டிப் போய்க் கொஞ்ச நாள்தான். வயலில் பிணங்கள் கிடக்கின்றன, மரத்தில் ஆட்கள் தொங்குகிறார்கள். நீங்கள் ஜெரால்ட், பூதங்களை வெட்டுகிற தொழில்காரன். ஒரு வீட்டு வாசலில் ஒரு கிழவி கதவைத் தட்டிக்கொண்டு நிற்கிறா. என்ன ஆச்சி பிரச்சினை என்று கேட்டால், தன்ர தாச்சியை இரவல் கொடுத்தவவாம், வாங்கினவன் திருப்பித் தரவில்லையாம், கதவும் திறக்கிறானில்லையாம்.

முதல் தடவை இதை விளையாடினபோது எல்லாரும் சிரித்தோம். சிரிக்கத்தான் அந்தக் குவெஸ்டை எழுதியும் இருக்கிறார்கள். ஆனால் கதவை உடைத்து உள்ளே போனால் ஒரு பிணம் கிடக்கிறது. எரித்த காகிதங்கள் கிடக்கின்றன. தாச்சி மட்டும் பளபளவென்று சுரண்டிக் கிடக்கிறது. அதில் பிடித்திருந்த கரியை எடுத்து மை செய்திருக்கிறார்கள் என்று ஜெரால்ட் ஊகிக்கிறான். அந்த வீட்டுக்குள் ஏதோ பெரிய அரசியல் வேலை நடந்து முடிந்திருக்கிறது. ஆச்சிக்கு அதைப் பற்றி ஒரு கேள்வியும் இல்லை. தாச்சி கிடைத்துவிட்டது. உங்களுக்குக் கிடைக்கிற பரிசும் சொற்பந்தான்.

இந்தக் குவெஸ்டைப் பகிடி என்று கடந்துபோகிறவர்கள் உலகத்தில் கனபேர் இருப்பார்கள். யாழ்ப்பாணத்தில் இருந்துகொண்டு அப்படிக் கடக்க ஏலாது. 1995 ஒக்டோபர் 30 அன்று வலிகாமம் முழுக்க எழும்பித் தென்மராட்சிக்கு நடந்தது. எங்கள் யாருக்கும் அது நினைவில்லை, நாங்கள் பிறக்கவே இல்லை. ஆனால் அந்த இடப்பெயர்வைப் பற்றிக் கேட்டால் வீட்டில் உள்ள பெரியவர்கள் எதைச் சொல்லுகிறார்கள் என்று கவனித்துப் பாருங்கள். எந்தப் படை எந்தப் பக்கத்தால் வந்தது என்பதை அப்பாமார் சொல்லுவினம். அம்மம்மாமார் சொல்லுறது வேற: அடுப்பில் வைத்த சோறு, கிணற்றுக்குள் இறக்கிவிட்ட பித்தளைக் குடம், தூக்கிக்கொண்டு போக ஏலாமல் விட்ட அம்மி. சரித்திரப் புத்தகத்தில் வராத பட்டியல் அது. அதை வைத்திருப்பவர்கள் அவர்கள் மட்டுந்தான்.

பூட்டின கதவும் எங்களுக்குப் புதிசில்லை. 1990 இல் வலிகாமம் வடக்கை விட்டு வெளிக்கிட்ட மயிலிட்டிச் சனத்துக்கு அவர்களின் துறைமுகம் திரும்பக் கிடைத்தது 2017 இல். இடையில் 27 வருசம். நாற்பது வயதில் வீட்டைப் பூட்டிக்கொண்டு போன ஒரு பெண், திரும்பி வந்து நிற்கும்போது அறுபத்தேழு வயது ஆச்சி. அவ அந்த இடத்தில் நின்றுகொண்டு எதைத் தேடுவா என்று நினைக்கிறீர்கள்? நாட்டின் இறைமையையா? விச்சரை எழுதின ஆட்களுக்கு மயிலிட்டியைத் தெரிந்திருக்காது. ஆனால் அவர்கள் நாட்டுக்கு மேலாலும் படைகள் நடந்திருக்கின்றன. அதனால்தானோ என்னவோ, படை போன ஊரில் ஒரு கிழவி முதலில் என்ன கேட்பாள் என்பதை அவர்களால் சரியாக எழுத முடிந்திருக்கிறது.

நித்திரை கொள்ளாமல் கேட்கிறதும் ஒரு குவெஸ்ட்

அடுத்த ஆச்சி 2000 ஆம் ஆண்டைச் சேர்ந்தவ. நிண்டெண்டோவின் செல்டா வரிசையில் வந்த மஜோராஸ் மாஸ்க். கண்டிப்பாகப் பார்த்தால் இதை ஆர்.பி.ஜி என்று சொல்ல ஏலாது என்று எங்கள் வட்டத்திலேயே ஒருவர் கொடி பிடிக்கிறார், அவருக்கு எங்கள் வணக்கம். மூன்று நாளில் நிலவு வந்து ஊரின் தலையில் விழப்போகிறது. அந்த மூன்று நாளையே திரும்பத் திரும்ப வாழ்ந்து அதைத் தடுக்கவேண்டும். ஒவ்வொரு நிமிசமும் பொன். இப்படிப்பட்ட கேமில், ஊர்ச் சத்திரத்தில் அஞ்சு என்ற பெண்ணின் பாட்டி இருக்கிறா. அவவிடம் போனால் கதை சொல்லட்டோ என்று கேட்பா. ஓம் என்றால் தொடங்கிவிடுவா. கேமுக்குள்ளே மணித்தியாலங்கள் ஓடும். நீங்கள் நித்திரையாகிவிடுவீர்கள்.

நித்திரை கொள்ளாமல் கேட்கவேண்டுமென்றால் அதற்கென்று ஒரு முகமூடி தேடி வாங்கவேண்டும். மலிவும் இல்லை. அதைப் போட்டுக்கொண்டு இருந்து, கதையை முழுக்கக் கேட்டு, கடைசியில் அவ கேட்கும் கேள்விக்குச் சரியாகப் பதில் சொன்னால்தான் பரிசு. வெட்டு இல்லை, குத்து இல்லை. கேட்டுக்கொண்டிருப்பதுதான் முழு வேலையும்.

இதில் எங்களுக்குப் பிடித்த விசயம் இரண்டு. ஒன்று, அவ சொல்லும் கதைகளில் ஒன்று நான்கு பூதாகாரர்களைப் பற்றியது. நிலவை இழுத்து விழுத்தப்பார்க்கும் அந்தப் பொடியனுக்கு ஏன் அவ்வளவு கோபம் என்பதற்கான அடி அந்தக் கதையில்தான் இருக்கிறது. உலகத்தைக் காப்பாற்ற அவசரமாக ஓடுகிறவனுக்கு உலகம் ஏன் அழிகிறது என்று தெரியாமலே போகலாம். இரண்டாவது, மற்றவர்கள் பாட்டிக்கு அறளை பெயர்ந்துவிட்டது என்று நினைக்கிறார்கள். அவ ஆட்களின் பெயரை மாற்றி மாற்றிக் கூப்பிடுவா. உண்மையில் அவவுக்கு ஒன்றுமில்லை. பேத்தியின் சமையலைச் சாப்பிடாமல் தப்பத்தான் அந்த நடிப்பு. இருபத்தைந்து வருசத்துக்கு முன்னம் வந்த ஒரு கேம், வயசு போன ஒருத்திக்குத் தந்திரமும் பகிடியும் நாக்கு ருசியும் கொடுத்திருக்கிறது. பாவம் என்று மட்டும் பார்க்கவில்லை.

எங்கள் வீடுகளிலும் ஒரே கதையைப் பத்துத் தரம் சொல்கிற ஆக்கள் இருக்கினம். "உதைத்தானே போன கிழமையும் சொன்னனீங்கள்" என்று எழும்பிப் போய்விடுகிறோம். பத்தாம் தரம் சொல்லும்போது அந்தக் கதையில் ஒரு பெயர் கூடுவதை, ஒரு ஆள் காணாமல் போவதை எழும்பிப் போனவர்கள் கவனிக்கமாட்டார்கள். வாய்மொழி வரலாறு என்று பெரிய பெயர் வைத்து வகுப்பறையில் படிக்கிறோம். அதன் முதல் பாடம் முகமூடியைப் போட்டுக்கொண்டு நித்திரை கொள்ளாமல் இருப்பது.

கிழமைக்கு ரண்டு பரிசு

இவ்வளவும் புகழ்ந்தாச்சு. இனிக் கொஞ்சம் குறை சொல்லுவம்.

எரிக் பரோன் என்ற ஒருவர் தனியாளாக நாலரை வருசம் இருந்து செய்து 2016 இல் வெளியிட்ட ஸ்டார்டியூ வலி எங்களில் பலருக்குப் பிடித்த கேம். போனிலும் ஓடும், பழைய கொம்பியூட்டரிலும் ஓடும். தாத்தாவின் தோட்டத்தைப் பொறுப்பெடுத்து ஒரு சின்ன ஊரில் வாழவேண்டும். அங்கே ஜோர்ஜ், எவலின் என்று ஒரு வயதான தம்பதி. ஜோர்ஜ் சுரங்க விபத்தில் கால் இழுபட்டுச் சக்கர நாற்காலியில் இருக்கிற சிடுமூஞ்சி. எவலின் பூமரம் நடுவா, பலகாரம் சுடுவா. மகள் இறந்துவிட்டாள், பேரனை அவர்கள்தான் வளர்க்கிறார்கள். ஒரு நாள் எவலின் உங்களிடம் கேட்கிற உதவி, மனுசனுக்குக் கொடுக்க ஒரு லீக்ஸ். எங்கட மரக்கறிக் கடையில் நுவரெலியாவில் இருந்து வந்து கிடக்குமே, அதே லீக்ஸ்தான்.

நல்ல குவெஸ்ட். அதைவிட நல்லது ஜோர்ஜோடு வருகிற ஒரு சம்பவம். உயரத்தில் இருக்கிற ஒரு கடிதத்தை எட்டி எடுக்க அவர் கஷ்டப்பட்டுக்கொண்டிருப்பார். நீங்கள் எடுத்துக் கொடுப்பீர்கள். நன்றி சொல்லமாட்டார், கோபப்படுவார். உதவி செய்தால் புள்ளி கூடும் என்று பழகின கைகளுக்கு அது ஒரு அடி. முதுமையில் உதவி வாங்குவது எவ்வளவு கசப்பானது என்பதை அரை நிமிசத்தில் காட்டிவிடும்.

பிரச்சினை அந்தக் கேமின் கணக்கில் இருக்கிறது. ஒவ்வொருவருக்கும் உங்கள் மேல் உள்ள அன்பு இதயங்களாக வரிசையில் தெரியும். ஒருவருக்குக் கிழமைக்கு இரண்டு பரிசு கொடுக்கலாம். பிடித்த பொருளென்றால் கூட ஏறும். ஆக, ஜோர்ஜுக்கு லீக்ஸை வரிசையாகக் கொடுத்தாலே இதயம் நிரம்பிவிடும். கதைக்கவேண்டிய அவசியம் பெரிதாக இல்லை. இதயம் நிரம்பின பிறகு அவர் சொல்லுகிற வசனங்களும் தீர்ந்துபோகும். சொன்னதையே சொல்லிக்கொண்டிருப்பார்.

உந்தக் கணக்கு யாழ்ப்பாணத்துக்கு நல்லாத் தெரியும். மாசக் கடைசியில் காசு வரும். வருசத்துக்கொருக்கா சொக்கிலேற்றும் சவர்க்காரமும் வலி எண்ணெயும் அடைச்ச பெட்டி வரும். ஞாயிற்றுக்கிழமை வட்சப்பில் முகம் வரும். "சாப்பிட்டீங்களோ, மருந்து போட்டீங்களோ?" "ஓம் ஓம், நாங்கள் நல்லா இருக்கிறம், நீங்கள் குளிருக்குள்ள கவனம்." இரண்டு பக்கமும் அதே வசனங்கள். இதை வெளிநாட்டில் இருக்கிறவர்களைக் குத்திச் சொல்லவில்லை. அந்தக் காசு எப்படி உழைத்து வருகிறது என்று எங்களுக்குத் தெரியும், எங்களில் சிலரின் பல்கலைக்கழகச் செலவே அதில்தான் ஓடுகிறது. நாங்களும் படிப்பு முடியப் பறக்கத்தான் பார்க்கிறோம். 2012 சனத்தொகைக் கணக்கெடுப்பிலேயே இலங்கையில் அறுபது வயதைத் தாண்டியவர்கள் நூற்றுக்கு 12.4 பேர். போரும் குடிபெயர்வும் இளம் ஆக்களை அள்ளிக்கொண்டு போன எங்கள் ஊர்களில், பெரிய கல்வீட்டில் இரண்டே இரண்டு முதியவர்கள் இருக்கிற காட்சியைப் பார்க்க எந்தக் கணக்கெடுப்பும் தேவையில்லை.

இதை மற்றக் கரையில் இருந்து பார்த்த கேம் ஒன்று தமிழிலேயே இருக்கிறது. ரொறன்ரோவின் விசை கேம்ஸ் 2023 இல் வெளியிட்ட வெண்பா. ஆர்.பி.ஜி இல்லை, சமையல் கேம். 1988 இல் தமிழ்நாட்டிலிருந்து கனடா போன வெண்பாவும் பாவலனும், அங்கே பிறந்த மகன் கவின். அவித்த இட்லியைவிடப் பள்ளிக்கூடத்தில் மற்றப் பிள்ளைகள் சாப்பிடுவது அவனுக்குப் பெரிதாகத் தெரியும். காலம் ஓடும், அப்பா இறந்துவிடுவார், அம்மா ஊருக்குத் திரும்பிவிடுவா. கடைசியில் வளர்ந்த கவின், சரியாக வாசிக்கத் தெரியாத தமிழில் எழுதின சமையல் குறிப்புக் கொப்பியை வைத்துக்கொண்டு தடுமாறுவான். இந்தக் கேமில் அம்மாவின் சமையல் சைட் குவெஸ்ட் இல்லை, அதுதான் முழுக் கதையும். சின்ன வயதில் "பிறகு பார்க்கலாம்" என்று கவின் தள்ளி வைத்தது எல்லாம் பெரியவனானதும் முன்னுக்கு வந்து நிற்கிறது. பரிசுப் பெட்டியில் அனுப்ப முடியாத ஒன்றை அவன் நேரில் போய்த்தான் எடுக்கவேண்டி இருக்கிறது.

பதில் தெரிந்த கப்டன்

இனிச் சொல்லப்போகிற இரண்டு குவெஸ்டையும் பற்றிக் கதைக்கும்போதுதான் எங்கள் வட்டத்தில் பகிடி நின்றது.

2011 இல் பெதஸ்டா வெளியிட்ட ஸ்கைரிம். நாட்டில் உள்நாட்டுப் போர். சொலிற்றியூட் என்ற நகரத்தில் அஞ்சலின் என்ற வயதான அம்மா மருந்துக்கடை வைத்திருக்கிறா. மகள் படையில் சேர்ந்து போனவள். கனநாளாகக் கடிதம் இல்லை. என்ன ஆனாள் என்று விசாரித்துச் சொல்லமுடியுமா என்று உங்களிடம் கேட்கிறா. நீங்கள் அதே நகரத்தில் இருக்கிற படைக் கப்டனிடம் போகிறீர்கள். அவருக்குப் பதில் தெரியும். மகள் இறந்துவிட்டாள். திரும்பி வந்து தாயிடம் சொல்லுகிறீர்கள். குவெஸ்ட் முடிந்தது. "செய்தி இல்லையென்றால் நல்ல செய்தி" என்ற அர்த்தத்தில்தான் அந்தக் குவெஸ்டுக்கே பெயர் வைத்திருக்கிறார்கள். தெருவால் நடந்துபோகிற நேரத்தையும் சேர்த்துப் பத்து நிமிசம் பிடிக்காது.

மற்றது யப்பானின் நீயர். 2010 இல் வந்தது, 2021 இல் திருத்திப் புதுப்பித்தார்கள். அதில் ஒரு கடற்கரைப் பட்டினம், அங்கே ஒரு வெளிச்சவீடு, அந்த வெளிச்சவீட்டில் ஒரு கிழவி. கடல் கடந்து போன காதலனின் கடிதத்துக்காகப் பல பத்து வருசமாகக் காத்திருக்கிறா. கடிதங்களும் வருகின்றன. ஆனால் அவன் எப்போதோ இறந்துவிட்டான். அவவின் மனம் உடையக்கூடாது என்று ஊர்ச்சனமே சேர்ந்து அவன் பெயரில் கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறது. கடைசியில் உண்மையைச் சொல்வதா, பொய்யைத் தொடர்வதா என்ற முடிவைக் கேம் உங்கள் கையில் தருகிறது.

இந்த முடிவைப் பற்றி நாங்கள் பல இரவுகள் வாதாடியிருக்கிறோம். ஊர்ச்சனம் செய்தது அன்பு என்று ஒரு கட்சி. இவ்வளவு வருசம் ஒரு மனுசிக்குத் துக்கம் காக்கிற உரிமையையே பறித்துவிட்டார்கள் என்று மற்றக் கட்சி. வாதம் அங்கே இருந்து நகர்ந்து எங்கே போகும் என்று நாங்கள் சொல்லத் தேவையில்லை.

2017 பெப்ரவரி 20 அன்று கிளிநொச்சி கந்தசுவாமி கோயிலுக்கு முன்னால், வலிந்து காணாமல் ஆக்கப்பட்டவர்களின் உறவுகள் தொடர் போராட்டத்தைத் தொடங்கினார்கள். பெரும்பாலும் அம்மாமார். வேறு மாவட்டங்களிலும் தொடர்ந்தது. கையில் பிள்ளையின் படம். அவர்கள் கேட்டது அஞ்சலின் கேட்ட அதே ஒரு வரி: என்ர பிள்ளைக்கு என்ன நடந்தது? 2016 இல் காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகத்துக்குச் சட்டம் வந்தது, 2018 இல் ஆணையாளர்களை நியமித்தார்கள். 2022 இல் அமைச்சரவை ஒரு குடும்பத்துக்கு ஒரு லட்சம் ரூபா கொடுக்க முடிவெடுத்தது. காசு வேண்டாம், பதில் வேணும் என்று போராடிய உறவுகள் அதை மறுத்தார்கள். பதில் இல்லாமலே அந்த அம்மாமாரிலும் அப்பாமாரிலும் பலர் இறந்துபோனார்கள். ஒவ்வொரு வருசமும் ஓகஸ்ட் 30 இல் வரிசை நடக்கிறது. நடக்கிறவர்களின் தலைமுடி இன்னும் கொஞ்சம் வெளுத்திருக்கும்.

ஸ்கைரிமுக்கும் எங்களுக்கும் வித்தியாசம் இங்கேதான். அந்தக் கேமில் தாய் கேட்கிறா, நாயகன் நடக்கிறான், கப்டன் வாய் திறக்கிறான். கப்டன் வாய் திறக்காத ஒரு ஸ்கைரிமை எவரும் எழுதமாட்டார்கள், எழுதினால் குவெஸ்டில் பிழை என்று விளையாடுகிறவர்கள் முறைப்பாடு செய்வார்கள். நாங்கள் அந்தப் பிழைக்குள்ளேயே வளர்ந்தோம். பரிசு விசயத்திலும் எல்லாம் தலைகீழ். கேமில் வேலை செய்கிறவனுக்குக் காசு கிடைக்கும். இங்கே கேள்வி கேட்ட தாய்க்குக் காசைக் காட்டிக் குவெஸ்டை மூடப்பார்த்தார்கள்.

"கேமைக் கேமாப் பாருங்கோ"

இதைச் சொல்ல ஆட்கள் வருவினம் என்று தெரியும். அது வெறும் கோட், அந்த ஆச்சிக்கு நோவும் இல்லை நினைவும் இல்லை, செய்கிற நிறுவனத்துக்கு நேரமும் காசும் மட்டு, எல்லாக் கிழவிக்கும் காவியம் எழுத ஏலுமோ? நியாயந்தான். நாங்களும் காவியம் கேட்கவில்லை. தாச்சிக் குவெஸ்டுக்கு ஒரு வீடு, ஒரு பிணம், நாலு வரி வசனம் போதுமாக இருந்தது. செலவு காசில் இல்லை, ஆச்சி என்ன கேட்பா என்று யோசிப்பதில் இருக்கிறது. "பத்து ஓநாய்த் தோல் கொண்டு வா" என்று கேட்கவைப்பதற்கும் அதே நாலு வரிதான் போகிறது.

எங்களுக்குக் கவலை தருகிற எதிர்வாதம் வேறொன்று. முதியவர்களைக் குவெஸ்டாகப் பார்க்கப் பழகினால் அந்தப் பழக்கம் திரைக்கு வெளியாலும் வராதா? வந்துதான் இருக்கிறது. பிறந்தநாளுக்கு முதியோர் இல்லத்தில் ஒரு நேரச் சாப்பாடு கொடுக்கிறோம். நல்ல விசயம், நிப்பாட்டவேண்டாம். ஆனால் வாழையிலையோடு இருக்கிறவர்களை வரிசையில் படம் எடுத்து முகநூலில் போட்டு, நூறு லைக் வந்ததும் வானில் ஏறிப் போகிறோமே, அது குவெஸ்ட் முடித்துப் புள்ளி எடுத்த கணக்கு. அங்கே இருந்தவரின் பெயர் என்ன, எந்த ஊர், என்ன வேலை செய்தவர் என்று கேட்டால் எத்தனை பேருக்குத் தெரியும்? மஜோராவின் பாட்டி இருந்திருந்தால் கடைசியில் ஒரு கேள்வி கேட்டு எல்லாரையும் பெயிலாக்கியிருப்பா.

ஆகவே கேம் செய்யக் கனவு காண்கிற எங்கள் பக்கத்துப் பெடியள் பெட்டையளுக்கு ஒரு வேண்டுகோள். யாழ்ப்பாணத்தில் கொம்பியூட்டர் படிக்கிறவர்களுக்குக் குறைவில்லை, கதைக்கும் குறைவில்லை. நீங்கள் எழுதுகிற ஊரில் ஒரு ஆச்சியை வையுங்கோ. தலைக்கு மேல ஆச்சரியக்குறி போடாதேங்கோ. எங்கட ஆச்சிமார் அப்படிக் கேட்கிற ஆக்கள் இல்லை. என்ன வேணும் ஆச்சி என்றால் "எனக்கென்ன மோனை வேணும், ஒண்டும் வேண்டாம்" என்றுதான் வரும். நாலாம் தரம் போய்த் திண்ணையில் இருந்தால்தான் உண்மையான வேலை என்னவென்று தெரியவரும். அவவுக்கு ஜோர்ஜின் கோபத்தையும் அஞ்சுவின் பாட்டியின் கள்ளத்தையும் கொடுங்கோ. நாயகன் பிழை விட்டால் பேசட்டும். குவெஸ்ட் முடிந்த பிறகும் புதிதாக எதையாவது சொல்ல அவவுக்கு வைத்திருங்கோ.

விளையாடுகிறவர்களுக்கும் ஒன்று. வசனத்தைத் தட்டித் தட்டி ஓடவிடாதேங்கோ. உலகம் கொஞ்சம் பொறுக்கும். பெரும்பாலான கேம்களில் அது நீங்கள் வரும்வரை காத்துக்கொண்டுதான் நிற்கிறது.

கடைசியாக, குவெஸ்ட் லொக் என்று ஒன்று இருக்கிறது. எடுத்த வேலைகள் எல்லாம் அதில் பட்டியலாகக் கிடக்கும். மெயின் குவெஸ்டை முடித்து, பேர் ஓடி, இசை நின்ற பிறகும் அதைத் திறந்து பார்த்தால் செய்யாமல் விட்டவை அப்படியே இருக்கும். கேம் அவற்றை அழிப்பதில்லை. 2009 மே மாதத்தோடு எல்லாம் முடிந்துவிட்டது, இனி முன்னுக்குப் பாருங்கோ என்று எங்களுக்குச் சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள். லொக்கைத் திறந்து பார்த்தால் அந்த அம்மாமாரின் வரி அங்கேயே கிடக்கிறது. கேட்டவர்கள் ஒவ்வொருவராகக் குறைகிறார்கள். அந்த வரியை வாசிக்கிற ஆட்களாவது குறையாமல் இருக்கவேண்டும். அந்த வேலை எங்கட வயசுக்காரருக்கு உரியது.